கோத்தகிரியிலிருந்து ஒரு ஃபிளாஸ்க்: க்ரவுட்ஃபண்டிங் செய்யலாமா?

கேள்வி இது. கோத்தகிரிப் பக்கம் ஒரு சிறு தேயிலை விவசாயக் குடும்பம். அண்ணனும் தங்கையும் சேர்ந்து, வடிகட்டி உள்ளேயே பொருந்திய எவர்சில்வர் ஃபிளாஸ்க் ஒன்றை வடிவமைத்திருக்கிறார்கள். முழு இலைத் தேயிலையைப் போட்டு வெந்நீர் ஊற்றி, மூன்று நிமிஷம் கழித்து மூடியை ஒரு திருப்பு திருப்பினால் இலை தண்ணீரிலிருந்து பிரிந்து மேலே நின்றுவிடும். கூடவே தங்கள் தோட்டத்தில் கையால் உருட்டிய தேயிலை ஒரு பொட்டலம். விலை 1,200 ரூபாய். க்ரவுட்ஃபண்டிங்கில், அதாவது இணையத்தில் பலரிடம் சிறுசிறு தொகையாக, மொத்தம் 5 லட்சம் திரட்ட வேண்டும். அதற்கென்றே இருக்கும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் போடலாமா, எப்படி ஜெயிப்பது, வீடியோ தமிழிலா ஆங்கிலத்திலா என்று கேட்டிருக்கிறார்கள்.

செய்யலாம். ஆனால் கிக்ஸ்டார்ட்டரில் நீங்கள் நேரடியாகப் போட முடியாது. 5 லட்சம் என்ற இலக்கு நீங்கள் சொல்லும் விலைக்குப் பொருந்தாது. வீடியோவை வெளியே விடுவதற்கு முன்னால் முடித்தாக வேண்டிய ஒரு பதிவு வேலையும் இருக்கிறது. நான் குன்னூரில் சிறு தொழில்களுக்குக் கணக்குப் பார்ப்பவன், அதனால் பதிலில் கணக்கு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

ஊரார் சேர்ந்து பணம் போட்டுத் தொழில் தொடங்குவது நமக்குப் புதிதில்லை. 1906-இல் தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, ஒரு பங்கு 25 ரூபாய் என 40,000 பங்குகளாக 10 லட்சம் ரூபாய் மூலதனம் திரட்டத் திட்டமிட்டார். அதில் பணம் போட்டவர் கம்பெனியின் பங்குதாரர் ஆனார். இன்றைக்கு முன்பின் தெரியாதவர்களிடம் இணையத்தில் அப்படிப் பங்கு விற்க உங்களால் முடியாது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2014 ஜூனில் இதைப் பற்றி ஓர் ஆலோசனை அறிக்கை வெளியிட்டது. 2016-இல், அங்கீகாரம் இல்லாத இணையத் தளங்கள் வழியாகப் பணம் போட வேண்டாம் என்று முதலீட்டாளர்களை எச்சரித்தது. தனியார் கம்பெனி தெரிந்தவர்களிடம் பங்கு விற்பதற்கே ஒரு நிதியாண்டில் 200 பேர் என்ற வரம்பு உண்டு, அதற்கும் பொது விளம்பரம் செய்யக் கூடாது. ஆகவே உங்கள் பக்கத்தில் எந்த இடத்திலும் ‘முதலீடு’, ‘லாபத்தில் பங்கு’ போன்ற சொற்கள் தப்பித் தவறியும் வர வேண்டாம்.

நன்கொடையும் உங்களுக்குப் பொருந்தாது. நன்கொடைத் தளங்களான மிலாப் 2010-இலும் கெட்டோ 2012-இலும் வந்தவை. அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு குழந்தையின் ஆபரேஷனுக்கு உதவ வருகிறார்கள். அந்த மனநிலையில் இருப்பவரிடம் ஃபிளாஸ்க்கைக் காட்டினால் அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.

நீங்கள் செய்யப் போவது மூன்றாவது வகை: பொருள் தருவதாகச் சொல்லி முன்கூட்டியே பணம் வாங்குவது. நம் ஊர்ச் சொல்லில் சொன்னால் முன்பணம். கணக்குப் புத்தகத்தில் இது வருமானப் பக்கம் உட்காராது, கடன் பக்கம்தான் உட்காரும். ஆயிரம் பேரிடம் முன்பணம் வாங்கினால் ஆயிரம் பேருக்குக் கடன்பட்டிருக்கிறீர்கள். இனி நான் சொல்லும் எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

கிக்ஸ்டார்ட்டர் விஷயத்தை முடித்துவிடுவோம். 2009-இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்தத் தளத்தில் இந்தியாவில் இருந்துகொண்டு பொருள் வாங்கலாம், ஆனால் திட்டம் தொடங்க முடியாது. அவர்கள் அனுமதிக்கும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகன் பெயரில் போடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். வரி அவர் தலையில், ஒப்பந்தப் பொறுப்பு அவர் தலையில், ஃபிளாஸ்க் செய்வது மட்டும் நீங்கள் என்றால் சொந்தத்துக்குள் மனஸ்தாபம்தான் மிஞ்சும். அதோடு அரைக் கிலோ எடையுள்ள ஒரு பொருளைத் தனித்தனிப் பார்சலாக வெளிநாட்டுக்கு அனுப்பும் செலவு, பொருளின் விலையையே எட்டிவிடலாம். முதல் சுற்றில் இந்தியா மட்டும் போதும்.

அப்படியானால் சொந்தப் பக்கம் ஒன்று, அதில் ஒரு பேமென்ட் கேட்வே, அதாவது இணையத்தில் பணம் வாங்கித் தரும் சேவை. முன்பதிவுக்குப் பணம் வாங்கப் போகிறோம், பொருள் ஐந்து மாதம் கழித்துத்தான் போகும் என்பதை அந்த கேட்வே நிறுவனத்துக்கு முன்கூட்டியே மெயிலில் எழுதிச் சம்மதம் வாங்கி வையுங்கள். திடீரென்று ஒரே வாரத்தில் லட்சக்கணக்கில் பணம் வந்து, பொருள் ஒன்றும் போகாமல் இருந்தால் அவர்கள் சந்தேகப்பட்டுத் தொகையை நிறுத்தி வைப்பது உண்டு. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

கிக்ஸ்டார்ட்டரிடம் நல்லதொரு விதி உண்டு, அதை மட்டும் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்: இலக்கை எட்டினால்தான் பணம், எட்டாவிட்டால் யாரிடமும் ஒரு காசும் வாங்குவதில்லை. சொந்தப் பக்கத்தில் இதை நீங்களே அறிவிக்க வேண்டும். இத்தனாம் தேதிக்குள் இத்தனை பதிவு வராவிட்டால் ஏழு நாளில் முழுப் பணமும் திரும்பும் என்று மேலேயே போடுங்கள். திருப்பித் தரும்போது கேட்வே பிடித்த கட்டணம் பெரும்பாலும் உங்களுக்குத் திரும்பாது. அந்த நஷ்டத்துக்கு முன்பே பணம் ஒதுக்குங்கள்.

இப்போது கணக்கு. கீழே உள்ள தொகைகள் உதாரணத்துக்கு நான் போட்டவை, உங்கள் உண்மையான விலைகளை வைத்து நீங்களே மறுபடி போட்டுப் பாருங்கள்.

1,200 ரூபாய்க்கு ஒன்று விற்கிறீர்கள். ஃபிளாஸ்க் 430, வடிகட்டியும் அது சார்ந்த பாகங்களும் 90, தேயிலை 80, பெட்டியும் பொதியும் 60, கூரியர் சராசரியாக 110. உடைந்து போனது, முகவரி தவறிப் போனது, மாற்றிக் கொடுத்தது என்று ஒன்றுக்கு 40 ஒதுக்குங்கள். கேட்வே கட்டணம் 2 சதவீதம், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, சுமார் 28 ரூபாய். பொருளுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 1,200-க்குள் 183 ரூபாய் அரசாங்கத்துடையது. மொத்தம் 1,021. கையில் நிற்பது 179. வாங்கிய பொருட்களுக்குக் கட்டிய வரி வரவாகத் திரும்பும், அதை இப்போதைக்குத் தலையணைக்கு அடியில் வையுங்கள், கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இனி ஒருமுறைச் செலவுகள். புதிய மூடிக்கு மோல்டு 1,80,000. சோதனை, சான்று வகையில் 60,000. வீடியோ, படம், பக்கம் 40,000. ஆக 2,80,000. இதை 179-ஆல் வகுத்தால் 1,565 ஃபிளாஸ்க் விற்றால்தான் கணக்கு நேராகும்.

நீங்கள் கேட்பது 5 லட்சம். அது 417 ஃபிளாஸ்க். 417-ஐ 179-ஆல் பெருக்கினால் சுமார் 74,600. அதாவது இலக்கைத் தொட்டு, எல்லோரும் வாழ்த்துச் சொல்லி, கேக் வெட்டிய அன்றைக்கு நீங்கள் இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் நஷ்டத்தில் இருப்பீர்கள். நான் பார்த்த சிறு தயாரிப்பாளர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பணம் வராததால் வரும் தோல்வியை விட, தவறான விலையில் பணம் வந்துவிட்டதால் வரும் தோல்வி மோசம். முதலாவதில் வெட்கம் மட்டும், இரண்டாவதில் கடன்.

இதற்கு உலகமறிந்த உதாரணம் அமெரிக்காவின் கூலஸ்ட் கூலர். பானங்களைக் குளிரவைக்கும் ஒரு பெட்டி, அதிலேயே மிக்சி, ஸ்பீக்கர் எல்லாம் உண்டு. 2014-இல் 50,000 டாலர் கேட்டு, 62,000-க்கும் மேற்பட்டவர்களிடமிருந்து 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. அவர்களிடம் வாங்கிய விலையோ, செய்து அனுப்பும் செலவுக்குக் காணவில்லை. பாதியில் பணம் தீர்ந்து, காத்திருந்தவர்களுக்குக் கொடுக்காமலே அமேசானில் அதிக விலைக்கு விற்றார்கள். 2019 டிசம்பரில் கம்பெனியை மூடும்போது ஏறத்தாழ 20,000 பேருக்குப் பொருள் போகவே இல்லை. அவர்களுக்குக் கூட்டம் இருந்தது, விலைதான் தவறு.

சரி, உங்கள் கணக்கை எப்படி நேராக்குவது? விலையை 1,500 ஆக்கிப் பாருங்கள். ஜிஎஸ்டி 229, கேட்வே 35, மற்றவை அதே 810. கையில் 426 நிற்கும். 2,80,000-க்கு 658 ஃபிளாஸ்க் போதும். ஆனால் அப்போது திரட்ட வேண்டியது கிட்டத்தட்ட 10 லட்சம். முதல் முயற்சிக்கு அது பெரிய தொகை.

இன்னொரு வழி எனக்குப் பிடித்தது. மூடியை நீங்களே செய்யாதீர்கள். ஏற்கெனவே ஃபிளாஸ்க் தயாரிக்கும் ஒரு நிறுவனத்திடம் அவர்களுடைய மாடல் ஒன்றை மொத்தமாக வாங்கி, அதன் வாய்க்குப் பொருந்தும்படி உங்கள் வடிகட்டியை மட்டும் கோவையில் ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்துச் செய்யுங்கள். உங்கள் கண்டுபிடிப்பு வடிகட்டியில்தானே இருக்கிறது? மோல்டு செலவு போய்விட்டால் ஒருமுறைச் செலவு 1 லட்சம். 1,500 விலையில் 235 பதிவு, அதாவது சுமார் மூன்றரை லட்சம் வந்தாலே கை கடிக்காது. 5 லட்சம் வந்தால் கொஞ்சம் மிஞ்சும். திருப்பும் மூடி கனவை அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழியில் இன்னொரு தலைவலியும் தீரும். எவர்சில்வர் பாத்திரங்களுக்கும் வெப்பம் காக்கும் ஃபிளாஸ்க்குகளுக்கும் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்று மத்திய அரசு அண்மைய ஆண்டுகளில் தரக் கட்டுப்பாட்டு ஆணைகள் போட்டிருக்கிறது. குறுந்தொழில்களுக்குச் சில சலுகைகள் உண்டு என்றாலும், உரிமம் இல்லாமல் புதிதாக ஒரு ஃபிளாஸ்க் செய்து ஆயிரம் பேரிடம் முன்பணம் வாங்கிய பிறகு இதைக் கண்டுபிடித்தால் தூக்கம் போய்விடும். உரிமம் உள்ள தயாரிப்பாளரிடம் வாங்கினால், அவருடைய உரிம எண்ணைப் பார்த்துச் சரிபார்ப்பது மட்டும் உங்கள் வேலை.

ஜிஎஸ்டியில் மூன்று விஷயம். வேறு மாநிலத்துக்கு ஒரே ஒரு ஃபிளாஸ்க் விற்றாலும் பதிவு வேண்டும், 40 லட்சம் வரை வேண்டாம் என்ற விலக்கு அங்கே எடுபடாது. 2017 நவம்பரிலிருந்து பொருளுக்கு வாங்கும் முன்பணத்துக்கு உடனே ஜிஎஸ்டி கட்ட வேண்டியதில்லை, பில் போடும்போது கட்டினால் போதும். இது உங்களுக்குச் சாதகம், ஆனால் அந்தப் பணத்தைச் செலவழித்துவிடாமல் வைத்திருக்க வேண்டும். மூன்றாவது பலருக்குத் தெரியாது: ஃபிளாஸ்க்கையும் தேயிலையையும் ஒரே பெட்டியில் ஒரே விலைக்கு விற்றால், இரண்டில் எதற்கு வரி அதிகமோ அந்த விகிதம் மொத்தத்துக்கும் விழும். தேயிலைக்கு 5 சதவீதம்தான். இரண்டுக்கும் தனித்தனி விலை போட்டு, வாங்குகிறவரே தேர்ந்தெடுக்கும்படி வையுங்கள். தேயிலை வேண்டாம் என்பவரும் அப்போது வருவார்.

நான் மேலே சொன்ன பதிவு வேலை இதுதான். இந்தியாவில் ஒரு பொருளின் வடிவத்தைப் பதிவுசெய்ய வேண்டுமானால், அது வெளியே தெரியும் முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டின் டிசைன் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வீடியோ வெளியான மறுநாள் போனால், ஏற்கெனவே வெளியான வடிவம் என்று தள்ளிவிடுவார்கள். தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய், பாதுகாப்பு பத்து ஆண்டு, பிறகு ஐந்து ஆண்டு நீட்டிக்கலாம். தோற்றத்துக்கு மட்டும்தான் இது. வடிகட்டி வேலை செய்யும் விதமே புதிது என்று நினைத்தால் அதற்குக் காப்புரிமையில் தற்காலிக விண்ணப்பம் என்று ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால் முழு விண்ணப்பத்துக்குப் பன்னிரண்டு மாதம் அவகாசம். க்ரவுட்ஃபண்டிங் பக்கம் என்பது நகல் எடுப்பவர்களுக்கு நீங்களே தரும் செயல்முறை விளக்கம். சொல்லப்போனால், எத்தனை பேர் அதற்குப் பணம் கட்டத் தயார் என்பதையும் அவர்களுக்கு இலவசமாகச் சொல்கிறீர்கள்.

அடுத்தது கூட்டம். தளம் கூட்டத்தைக் கொண்டுவரும் என்ற நம்பிக்கை கிக்ஸ்டார்ட்டரிலேயே பாதிதான் உண்மை. அங்கே தோற்கும் திட்டங்களில் மிகப் பெரும்பாலானவை இலக்கில் 20 சதவீதத்தைக்கூடத் தாண்டாதவை. அந்த 20-ஐத் தாண்டியவை பெரும்பாலும் ஜெயிக்கின்றன. முதல் சில நாளில் வருகிற பணம் எங்கிருந்து வருகிறது? முன்பே தெரிந்தவர்களிடமிருந்து. சொந்தப் பக்கத்தில் என்றால் எல்லோருமே நீங்கள் கூட்டிவந்தவர்கள்தான். 235 பதிவில் எழுபது எண்பதாவது முதல் மூன்று நாளில் விழ வேண்டும், அவை யார் யார் என்று தொடங்கும் முன்பே உங்கள் நோட்டில் பெயர் பெயராக இருக்க வேண்டும்.

பெயர் எழுதும்போது மொய் வைக்கிறவர்களையும் வாங்குகிறவர்களையும் கலக்காதீர்கள். மாமா முறைக்காக ஒன்று பதிவு செய்வார், அது அன்பு. அந்த அன்பை வைத்து ஊரில் இந்தப் பொருளுக்குத் தேவை இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. அன்பு ஒரு பக்கம், வாடிக்கை ஒரு பக்கம் என்று நோட்டை இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

வாடிக்கை எங்கே? நம் மலைக்குத் தானாக வருகிறது. ஏப்ரல், மே சீசனில் வருகிறவர்களுக்கு இங்கே 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கிடைக்காது என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வரும். கையில் ஃபிளாஸ்க் வேண்டியிருக்கும் ஆளும், நல்ல தேநீர் தேடும் ஆளும் ஒரே இடத்தில் நிற்கும் ஊர் தமிழ்நாட்டில் வேறு எங்கே? கொடைக்கானல்காரர்களுக்கும் இது அப்படியே பொருந்தும், அங்கும் அதே தடைதான். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் தெரிந்த நாலைந்து ஹோம்ஸ்டேக்களில் பேசி, மாலையில் வருகிறவர்களுக்கு உங்கள் மாதிரி ஃபிளாஸ்க்கில் இலைத் தேநீர் கொடுங்கள். பக்கத்தில் ஒரு சின்ன அட்டை, அதில் க்யூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் பெயரும் வாட்ஸாப் எண்ணும் மட்டும் கேளுங்கள்.

‘சூப்பரா இருக்கு, வந்ததும் சொல்லுங்க’ என்பதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அப்படிச் சொன்ன நூறு பேரில் ஐந்து பேர் பணம் கட்டினாலே நான் சந்தோஷப்படுவேன். கொஞ்சம் கெட்டியான அறிகுறி வேண்டுமானால் 99 ரூபாய் கட்டி இடம் பிடிக்கச் சொல்லுங்கள், எப்போது கேட்டாலும் திரும்பும் என்று. அதைக் கட்டியவர்கள்தான் உங்கள் முதல் மூன்று நாள்.

அப்புறம் வெளியூரில் இருக்கும் நம்மவர்கள். ஒவ்வொரு ஹட்டிக்கும், அதாவது படகர் ஊருக்கும், வாட்ஸாப் குழு இருக்கிறது, கோவையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் எல்லாம் அதில் இருக்கிறார்கள். பச்சைத் தேயிலைக்கு விலை கிடைக்காத கதை அவர்கள் வீட்டுக் கதை. தோட்டத்தை விற்காமல் இருக்க அண்ணன் தங்கை ஒரு வழி தேடுகிறார்கள் என்பதை நீங்கள் விளக்கவே வேண்டாம், அவர்களே பத்துப் பேருக்குச் சொல்வார்கள். அந்தக் குழுவில் வாரம் ஒரு தடவைக்கு மேல் போடாதீர்கள். இரங்கல் செய்திக்கும் கல்யாணச் செய்திக்கும் நடுவில் தினம் ஒரு ஃபிளாஸ்க் வந்தால் முகம் சுளிப்பார்கள்.

எப்போது தொடங்குவது? கூலஸ்ட் கூலரிடம் இதற்கும் ஒரு பாடம் உண்டு. அதே மனிதர் அதே யோசனையோடு 2013 இறுதியில், குளிர்காலத்தில், 1,25,000 டாலர் கேட்டு ஒருமுறை தோற்றிருக்கிறார். அடுத்த கோடையில் வடிவத்தையும் மெருகேற்றிக்கொண்டு வந்தபோதுதான் அந்தக் கூட்டம் வந்தது. ஐஸ் பெட்டியைப் பனியில் விற்றால் யார் வாங்குவார்கள்?

நம் கணக்கு இப்படி வரலாம். சீசனில் பெயர் சேகரிப்பு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழையில் வடிகட்டி மாதிரியைச் சரிசெய்வது, டிசைன் விண்ணப்பம், விலைப் பேச்சு. செப்டம்பர் மத்தியில் பதிவைத் திறந்து 30 நாளில் மூடுவது. அதற்கு மேல் இழுத்தால் வேகம் வராது, அலுப்புதான் வரும். தீபாவளி நெருங்கும் நேரம் என்பதால் பரிசுக்கு வாங்க வருவார்கள். ‘தீபாவளிக்குக் கிடைக்காது, பிப்ரவரி கடைசிக்குள் வரும்’ என்று விலைக்குப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போடுங்கள். அதைப் படித்துச் சிலர் போய்விடுவார்கள், பரவாயில்லை. போடாவிட்டால் அவர்களே நவம்பரில் உங்களைத் திட்டுவார்கள்.

ஏன் பிப்ரவரி? இரண்டு காரணம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை நம் பக்கத்துச் சரிவைத்தான் அடிக்கும். 2009 நவம்பர் மண்சரிவை இங்கே யாரும் மறக்கவில்லை. மேட்டுப்பாளையம் ரோடு அடைபட்டால் கூரியர் வண்டியும் நிற்கும், கோவையிலிருந்து மேலே வர வேண்டிய பொருளும் நிற்கும். இரண்டாவது, டிசம்பர், ஜனவரியின் குளிர்ந்த, வறண்ட நாட்களில் பறிக்கும் இலைக்குத் தனி மணம். பனிக்காலத் தேயிலை என்று நீலகிரிக்கு வெளியேயும் பெயர் இருக்கிறது. காத்திருக்கச் சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் எந்தத் தயாரிப்பாளருக்கும் கிடைக்காது. மழையால் தாமதம் என்று சொல்வதை விட, பனி இலைக்காகக் காத்திருக்கிறோம் என்பது உண்மையும்கூட.

தாமதம் வரும் என்று எடுத்துக்கொண்டே தேதி சொல்லுங்கள். ஈதன் மாலிக் என்ற ஆராய்ச்சியாளர் கிக்ஸ்டார்ட்டர் திட்டங்களைப் பார்த்து 2014-இல் எழுதியதில், பொருள் தருவதாகச் சொன்னவற்றில் 75 சதவீதத்துக்கு மேல் சொன்ன தேதிக்குத் தரவில்லை. 2015-இல் அவர் செய்த இன்னொரு ஆய்வில், கடைசிவரை தராமலே போனவை 9 சதவீதம். ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டிய பெபிள் வாட்ச்கூட 2012 செப்டம்பர் என்று சொல்லி 2013 ஜனவரியில்தான் அனுப்பத் தொடங்கியது. எதிர்பார்த்த ஆர்டரைப் போலப் பல மடங்கு வந்தாலும் தாமதம் வரும். அதனால் பதிவுக்கு ஒரு மேல் வரம்பும் வையுங்கள். கையால் உருட்டும் தேயிலை ஒரு பருவத்தில் எத்தனை கிலோ செய்ய முடியும் என்பது உங்கள் அம்மாவுக்குத் தெரியும், அவரிடம் கேட்டு அந்த எண்ணைப் போடுங்கள்.

பக்கத்தில் என்ன காட்டுவது? கம்ப்யூட்டரில் வரைந்த பளபளப்புப் படம் வேண்டாம். கிக்ஸ்டார்ட்டரே 2012-இல் கருவிகளுக்கு அப்படிப்பட்ட படங்களைத் தடை செய்தது, இருக்கும் மாதிரியை அப்படியே காட்டச் சொன்னது. ஆஸ்திரேலியாவில் ஸ்டூவர்ட் ஆண்டர்சனும் மகன் சிடாரும் 2015-இல் ஃப்ளோ ஹைவ் என்ற தேன்பெட்டிக்கு 70,000 டாலர் கேட்டு 1 கோடியே 20 லட்சத்துக்கு மேல் பெற்றார்கள். குழாயைத் திறந்தால் பெட்டியிலிருந்து தேன் நேராக பாட்டிலில் விழும், ஈயைத் தொந்தரவு செய்ய வேண்டாம். அதைப் பார்த்தவருக்கு விளக்கமே தேவைப்படவில்லை. அந்தக் காட்சியைப் பதிவு திறப்பதற்கு முன்பே பரவவும் விட்டிருந்தார்கள். உங்களிடமும் அப்படி ஒரு காட்சி இருக்கிறது: சுருண்ட இலை வெந்நீரில் மெல்ல விரிவது. கண்ணாடி டம்ளரில் அதைக் காட்டி, பிறகு ஃபிளாஸ்க்கில் வடிகட்டி இலையைப் பிரிப்பதைக் காட்டுங்கள். மேகம் மூடிய மலையை ட்ரோனில் சுற்றிக் காட்டுவதை எல்லா ரிசார்ட்டுகளும் செய்தாகிவிட்டது.

‘சர்க்கரையைக் குறைக்கும்’, ‘கொழுப்பைக் கரைக்கும்’ என்று தேயிலை மேல் எழுதாதீர்கள், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். பெட்டியில் தோடர் பூத்தையல் கோலத்தைப் போடும் ஆசையும் வேண்டாம். அது 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது, அந்த மக்களுடையது. தேயிலை வாரியத்தின் நீலகிரி முத்திரையையும் அனுமதி வாங்காமல் தொடக் கூடாது. தேயிலைக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், எடை, தேதி, முகவரி எல்லாம் பொட்டலத்தில் இருந்தாக வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

தேர்வுகள் மூன்று போதும்: ஃபிளாஸ்க், தேயிலை, இரண்டும். நான்கு நிறம், பெயர் பொறிப்பது, துணிப்பை என்று கூட்டக் கூட, அனுப்பும் நாளில் வீட்டுக் கூடம் ரேஷன் கடை வரிசை ஆகிவிடும். ‘தோட்டத்தில் ஒரு நாள்’ என்று ஒன்று வைக்க நினைத்தால் பத்துப் பேரோடு நிறுத்துங்கள். அது சேவை என்பதால் அதற்கு வாங்கும் முன்பணத்துக்கு ஜிஎஸ்டி அப்போதே வந்துவிடும்.

யாராவது ‘நம்ம ஊர்தானே, ஒரு தைல பாட்டிலும் இலவசமாக வை’ என்பார்கள். தயவுசெய்து வேண்டாம். பக்கத்தில் எது இருந்தாலும் தேயிலை அதன் வாசனையை வாங்கிக்கொள்ளும். யூகலிப்டஸ் தைலத்தோடு நாலு நாள் பார்சலில் பயணம் செய்த தேயிலையைக் குடித்தவர் மூக்கடைப்பு நீங்கி நன்றி சொல்லலாம், மறுபடி வாங்க மாட்டார். ஈரமும் அப்படித்தான். வெயிலடிக்கும் நாளில், காய்ந்த அறையில் அடைத்து மூடுங்கள்.

பொதியில் பிளாஸ்டிக் குமிழ்த்தாள் வேண்டாம், மடித்த காகிதமும் கெட்டி அட்டையும் போதும். நெகிழி இல்லாத மலையிலிருந்து வருகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே பிளாஸ்டிக் வைத்தால் முதல் விமர்சனமே அதுதான். கட்டிய பெட்டியை இடுப்பு உயரத்திலிருந்து எல்லா மூலையும் படும்படி போட்டுப் பாருங்கள். ஃபிளாஸ்க் நசுங்காது, வடிகட்டி கழன்று ஆடும், அதைத்தான் கவனிக்க வேண்டும். ஃபிளாஸ்க் கோவைப் பக்கத்திலிருந்து வருமானால் அதை மலை ஏற்றி மறுபடி இறக்காதீர்கள். தேயிலையை மட்டும் கீழே கொண்டுபோய் மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ ஒரு வாரம் அறை பிடித்து அங்கிருந்தே அனுப்புங்கள்.

பதிவு ஓடும் 30 நாளில் முதல் மூன்று நாளும் கடைசி மூன்று நாளும் தானாக ஓடும். நடுவில் தொய்வு வரும். அதைப் பார்த்துப் பதறித் தள்ளுபடி அறிவிக்காதீர்கள், முதலில் கட்டியவர்களுக்குச் செய்யும் துரோகம் அது. அந்த நாட்களுக்கென்றே இரண்டு மூன்று சிறு வீடியோக்களை முன்பே எடுத்து வையுங்கள். கேட்ட கேள்விக்கு அன்றே பதில் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த விளம்பரம் அதுதான்.

பணம் வந்த பிறகு அதைக் குடும்பக் கணக்கோடு கலக்காமல் தனி வங்கிக் கணக்கில் வையுங்கள். மாதம் ஒருமுறை எல்லோருக்கும் நிலவரம் எழுதுங்கள், நிலவரம் மோசமாக இருக்கும் மாதத்தில் கட்டாயம் எழுதுங்கள். 2019-இல் வந்த ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டத்தில், பொருளுக்கான முன்பணம் வைப்புத்தொகை ஆகாது. ஆனால் திருப்பித் தர வேண்டிய நாள் வந்து பதினைந்து நாள் கடந்தும் தராவிட்டால் ஆகிவிடும். கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால் முன்பணத்துக்குப் பொருளை 365 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்ற விதியும் உண்டு. அதே 2019-இன் நுகர்வோர் சட்டப்படி டெல்லியில் வாங்கியவர் டெல்லியிலேயே வழக்குப் போடலாம், நீங்கள்தான் அங்கே போக வேண்டியிருக்கும். 1,500 ரூபாய்க்காகத் திருப்பித் தர மறுத்து வாதாடுவது எந்தக் கணக்கிலும் கட்டுப்படியாகாது.

இலக்கை எட்டாவிட்டால்? திருப்பிக் கொடுத்துவிட்டு, பணம் கட்டியவர்களிடம் ஏன் கட்டினீர்கள் என்றும், பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கட்டாமல் போனவர்களிடம் ஏன் கட்டவில்லை என்றும் போனில் கேளுங்கள். தேயிலைப் பக்கத்து இயந்திரங்களுக்கு, உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கான மத்திய அரசின் பிஎம்எஃப்எம்இ திட்டத்தில் 35 சதவீத மானியத்தோடு வங்கிக் கடன் தந்தார்கள், இன்னும் தருகிறார்களா என்று வங்கியில் கேளுங்கள். புதுப் பொருளுக்குத் தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் தரும் டான்சீட் நிதி உண்டு. இரண்டுக்கும் விண்ணப்பிக்கும்போது, ‘இத்தனை பேர் முன்பணம் கட்டினார்கள்’ என்ற பட்டியல், தோற்ற பட்டியலாக இருந்தாலும், வெறும் யோசனையோடு போவதை விடக் கனமானது.

கடைசிக் கேள்வி, மொழி. தமிழில் எடுங்கள், ஆங்கிலம் கீழே எழுத்தாக ஓடட்டும். உங்கள் முதல் நூறு பேர் கோவை, திருப்பூர், சென்னைக்காரர்களும் ஹட்டிப் பிள்ளைகளும்தான். தங்கை பேசட்டும், அண்ணன் தேநீர் போடட்டும். இரண்டு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். விலையும் தேதியும் முதல் ஒரு நிமிஷத்துக்குள் வந்துவிட வேண்டும். அம்மா இலை உருட்டுவதை எடுக்கும்போது படக மொழியில் பேசினால் அப்படியே விட்டுவிடுங்கள், கீழே எழுத்துதான் ஓடுகிறதே.